சிலுவைமுத்து என்கிற உடம்பு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் குனிவதற்குக்கூட ஒருத்தர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. எங்களுக்குக் கீழே ஏதாவது விழுந்தால் குனிவோம், எடுத்ததும் நிமிர்ந்துகொள்வோம். அதற்கு யாரும் நட்சத்திரம் கொடுத்ததில்லை.

காலை ஆறு மணிக்கு எங்கள் அடுக்குமாடியில் படியிறங்கிப் பாருங்கள். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் ஒரே பெண்குரல், "மூச்சை உள்ளே இழுங்கள், மெதுவாக விடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். எதிரே வருகிறவன் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில்லை. நேற்று எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறான். மூச்சு தானாகத்தான் போய் வருகிறது, அதை எதற்கு இழுத்து விடவேண்டும் என்று ஒருவனிடம் கேட்டேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவன் லிஃப்டில் ஏறிவிடுகிறான்.

அந்த விளையாட்டுக்குப் பெயர் தோணி. தரையில் ஒரு ரப்பர் பாய் விரிக்க வேண்டும். டிவியில் ஒரு ஆறு ஓடும், ஆற்றில் ஒரு தோணி, தோணியில் ஒரு நீலப் பொம்மை. பாயில் ஏறி நீங்கள் என்ன செய்கிறீர்களோ அதையே பொம்மையும் செய்யும். ஒற்றைக்காலில் நிற்கச் சொல்லும். நீங்கள் ஆடினால் தோணி சாயும். மல்லாந்து படுத்துக் காலைத் தூக்கிக்கொண்டு கையை அடிக்கச் சொல்லும். அடிக்க அடிக்கப் பாய்மரத்தில் காற்று நிறையும். முதலில் சொன்னது யோகா, இரண்டாவது பிலாட்டீஸ் என்றான் என் மகன். ஏசுவின் வழக்கில் கை கழுவிய பிலாத்து ஒருவரைத்தான் எனக்குத் தெரியும் என்றேன். காலமெல்லாம் தூத்துக்குடி துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவனை, வீட்டுக்குள் தோணி விடச் சொல்கிறார்கள்.

விளையாட்டோடு போயிருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன். என் மகன் அமலன் ஹாம்பர்க்கில் இருக்கிறான். அவன் கம்பெனியில் பெற்றோருக்கென்று ஒரு திட்டம். வைத்தியம் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். ஆனால் தனியாக இருக்கிற கிழவன் கிழவி தினமும் தோணியில் ஏற வேண்டும். நன்றாகச் செய்தால் பச்சை. தடுமாறினால் மஞ்சள். மஞ்சளிலேயே கிடந்தால் வீட்டைப் பூட்டிக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். தனியாக விழுந்து கிடப்பதைவிட அது நல்லதாம்.

மூன்றாம் மாடியில் பிச்சையா என்று ஒருவர் இருந்தார். அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை ஒருவர் மறுத்துக்கொண்டிருப்போம். அவரும் அந்தத் திட்டத்தில்தான் இருந்தார், இடுப்பு சரியில்லை. மஞ்சள் வந்தது. வெள்ளை வேன் வந்தது. போகும்போது சிரித்துக்கொண்டுதான் போனார். பிறகு போன் வரவில்லை. நான் அடித்தபோது, வேறு யாரோ எடுத்து, ஐயா பயிற்சியில் இருக்கிறார் என்றார்கள்.

என் முட்டி இரண்டும் மடங்குவதில்லை. நான் பாயில் ஏறினால் அன்றைக்கே மஞ்சள்.

தோணிப் பெட்டியையும் பாயையும் கொண்டுவந்து மாட்டியவர் அவசரத்தில் இருந்தார். "ஐயா, உங்க பேரைப் போட்டுட்டேன். முதல்ல யாரு வெறுங்காலோட ஏறுறாங்களோ அவங்கதான் நீங்கன்னு அது பிடிச்சு வச்சுக்கும். ஏறி நில்லுங்க. நான் கீழ ஒரு வீடு முடிச்சுட்டு வந்துடுறேன்."

நான் ஏறவில்லை. தொங்குகிற மூட்டைக்குக் கீழே போய் நிற்காததால்தான் இத்தனை வயது வரை இருக்கிறேன். அந்த நேரம் மாடத்தி வந்தாள். எனக்குக் கூட்டித் துடைத்து, பாத்திரம் கழுவி, ஒரு குழம்பும் வைத்துவிட்டுப் போகிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். புதுப் பாய் முழுக்கத் தூசி. அவள் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வாளியோடு வந்து, பாயில் முட்டி போட்டு, இரண்டு கையாலும் வீசி வீசித் துடைக்க ஆரம்பித்தாள். பின்னால் நகர்ந்தாள். குத்தவைத்தாள். ஒரு கையை ஊன்றி மறு கையை எட்டினாள்.

டிவி கணீரென்று பேசியது. "வணக்கம், சிலுவைமுத்து. அருமையான தொடக்கம்." மூன்று நட்சத்திரம் வந்து விழுந்தது.

"என்ன அண்ணாச்சி, என்னையப் பாத்து உங்க பேரச் சொல்லுது?"

"அது கெடக்கு. நீ தொடைளா."

மாட்டியவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "ஏறிட்டீங்களா? சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அன்று சாயங்காலமே அமலன் கூப்பிட்டான். "அப்பா, மொத நாளே மூணு நட்சத்திரம். ஆபீஸ்ல எல்லார்ட்டயும் காட்டினேன்." அவன் அம்மா ரீத்தாள் போன பிறகு அவன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் மாடத்தியிடம் சொன்னேன், துடைத்து முடித்ததும் அந்தப் பாயில் ஏறி அது சொல்கிறதைச் செய் என்று. முதலில் வெட்கப்பட்டாள். நான் நாற்காலியைப் பால்கனிப் பக்கம் திருப்பிப் போட்டு அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. நான் தெருவைப் பார்த்துக் காபி குடிப்பேன். பின்னால் அந்தப் பெண்குரலும் மாடத்தியும் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"இடுப்பை இன்னும் உயர்த்துங்கள்."

"இதுக்கு மேல ஒசத்துனா கூரைல இடிக்கும், போளா."

"மிக நன்று, சிலுவைமுத்து."

"கேட்டியளா அண்ணாச்சி, நீங்க மிக நன்றாம்."

ஒருநாள் பிலாட்டீஸ் முடித்துப் பாயிலேயே கிடந்தாள். எழுந்திரிக்கவில்லை. "நாலு வீட்டுல வேல செய்யுதேன். ஒரு வீட்டுலயும் மல்லாந்து படுன்னு யாரும் சொன்னதில்ல. இது நல்ல சாமி" என்றாள். என் வீட்டில் ஒரு நாளைக்குக் கேட்கிற பேச்சு அவ்வளவுதான். அவள் போய்விட்டால் பிறகு குக்கர் சத்தம்கூட இல்லை.

பச்சையிலேயே ஓடியது. ஆனால் அமலன் கூப்பிடுவது குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தவறாமல் பேசுவான். ஏனென்று கேட்டேன். "அதான் தெனமும் பாக்குதேனேப்பா" என்றான். அவன் மேசையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், ஒரு சின்னப் பலகை இருக்கிறதாம். அதில் என் பொம்மை வருமாம். நான் காலைத் தூக்கும்போது அவனும் மேசைக்கு அடியில் காலைத் தூக்குவானாம். மாடத்தியின் கால் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, சொல்ல முடியுமா?

ஒரு புதன்கிழமை கூப்பிட்டான். புதன்கிழமை அவன் கூப்பிடுவதே இல்லை.

"அப்பா, உக்காருங்க."

"உக்காந்துதாம்லே இருக்கேன்."

"இடது காலு மரத்துப் போவுதா?"

"இல்லியே."

"மறைக்காதிய. தோணி கம்பெனில இருந்து எனக்குத் தகவல் வந்திருக்கு. கொஞ்ச நாளா நீங்க எடையெல்லாம் வலது காலுல போடுதிய. இடது பாதம் பாயத் தேடித் தேடி வைக்குது. முதுகுத்தண்டுல ஏதோ கட்டி வளந்து நரம்ப அமுக்குதுன்னு சொல்லுதாவ. இப்பவே எடுத்தா ஒண்ணுமில்ல. விட்டா இடுப்புக்குக் கீழ விளங்காமப் போயிரும்."

"ரப்பர் பாய்க்கு இதெல்லாம் எப்பிடிலே தெரியும்?"

"கோடிக் கணக்குல ஆளுக அதுல நிக்காவப்பா. எந்தக் காலு எப்பிடி நின்னா, பின்னால அந்த ஆளுக்கு என்ன வந்துச்சுன்னு அதுகிட்ட இருக்கு. டாக்டருக்குத் தெரியுததுக்கு முந்தி அதுக்குத் தெரிஞ்சிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் முட்டி மடங்காதது அதற்குத் தெரியவில்லை, இல்லாத கட்டியைக் கண்டுபிடித்திருக்கிறது என்று நினைத்தேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்தக் கால் என் கால் இல்லை.

மறுநாள் மாடத்தி வந்ததும் கேட்டேன். "ஏளா, இடது காலு எப்பிடி இருக்கு?"

"காலு காலாத்தான் இருக்கு."

"மரத்துப் போவுதா?"

வாளியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா?"

"பாய் சொல்லிச்சு."

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. பாயைத்தான் முறைத்தாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டு பாத்தியளா" என்றாள். பிறகு, "யாருக்கும் சொல்லாதிய அண்ணாச்சி. பாயில ஏறுனது நானுன்னு தெரிஞ்சா உங்களைக் கோயம்புத்தூருக்குக் கொண்டு போயிருவாவ. காலு விளங்காதவன்னு தெரிஞ்சா எனக்கு எந்த வீட்டுலயும் வேல கெடையாது. கொஞ்ச நாளு ஓடட்டும். தன்னால சரியாப் போவும்."

அவள் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதனால் சரி என்றேன். அன்று முழுக்க, பாய் சொல்வதெல்லாம் வேதவாக்கா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு நாள் சொல்லியிருந்தால் நானே அதை நம்பியிருப்பேன்.

அடுத்த நாள் காலை அவள் வாசலுக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. வலது செருப்பை வாசலில் கழற்றினாள். இடது செருப்பையும் கழற்றுவதுபோலக் காலை உதறினாள். அதில் ஒன்றும் இல்லை. அவளுக்கு அது தெரியவில்லை. வாளியை எடுக்கப் போய்விட்டாள். நான் படிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அந்தச் செருப்பு கிடந்தது. அங்கிருந்து அத்தனை படியும் வெறுங்காலோடு ஏறியிருக்கிறாள், தரை சுட்டதா குளிர்ந்ததா என்று தெரியாமல்.

செருப்பை எடுத்துக்கொண்டு மேலே வந்து அமலனுக்கு அடித்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ நான் பாத்தது?" என்றான்.

"மாடத்தி."

"தெனமுமா?"

"தெனமும்."

"நான் அந்தப் பொம்மைகூடப் பேசியிருக்கேன்ப்பா" என்றான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவனே தோணி கம்பெனிக்கு லைன் போட்டுக் கொடுத்தான். சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். பொறுமையான குரல்.

"சார், நோய் இருக்குன்னு சொன்னதும் 'அது நான் இல்லை'ன்னு எல்லாரும் சொல்றதுதான். பயப்படாதீங்க."

"அம்மா, நெசமாவே அது நான் இல்ல. வீட்டு வேலைக்கு வார பொண்ணு."

"சார், முதல் நாள்ல இருந்து ஒரே உடம்புதான் ஏறியிருக்கு. சிலுவைமுத்துன்னா எங்களுக்கு அந்த உடம்புதான். பேரு அதுக்கு மேல ஒட்டின சீட்டு மாதிரி."

"அப்போ சீட்டைக் கிழிச்சிட்டு அவ பேர ஒட்டு."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒட்டலாம் சார். ஆனா அவங்க உங்க மகனுக்கு அம்மாவோ அப்பாவோ இல்லையே. பேரை மாத்தின நிமிஷமே திட்டத்துல இருந்து வெளியே போயிடுவாங்க. ஆபரேஷன் கிடையாது. நீங்க மாத்தணும்னு சொன்னீங்கன்னா நான் மாத்தித்தான் ஆகணும். சொல்றீங்களா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மாடத்தியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வர மாட்டேன் என்று ஆட்டோவில் ஏறும்வரை சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலிலும் அதே பாய். அவள் ஏறி நின்றதும் சுவரில் எழுத்து ஓடியது. சிலுவைமுத்து, ஆண், வயது எழுபத்து நான்கு. நர்ஸ் சுவரைப் பார்த்தாள். மாடத்தியின் வளையலையும் கொண்டையையும் பார்த்தாள். மறுபடி சுவரைப் பார்த்துவிட்டு, "சிலுவைமுத்து, உள்ள வாங்க" என்றாள்.

"இவ கண்ணு எதுக்கு இருக்கு?" என்று நான் கேட்டேன். மாடத்தி என் கையைக் கிள்ளினாள்.

ஸ்கேனில் கட்டி இருந்தது. பாய் சொன்ன அதே இடத்தில். டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"நோயாளி யாரு?"

"மெஷின் சொல்லுதுல்லா."

"நான் உங்ககிட்ட கேக்குறேன் ஐயா."

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பேரு உங்களுது, கட்டி இவங்களுது. ரெண்டையும் என்னால சரி பண்ண முடியாது. ஆபரேஷன் பண்ணினா அதோட அந்த உடம்புதான் சிலுவைமுத்துன்னு முடிவாயிடும். அப்புறம் திருப்ப முடியாது. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா, அந்தத் திட்டத்துல உங்களுக்கு இடம் இல்லை. நீங்க யாருன்னே அதுக்குத் தெரியாது. வீட்டுல பேசிட்டு வர்றீங்களா?"

"வீட்டுல யாரு இருக்கா? கட்டிய எடுங்க."

"அண்ணாச்சி, வேண்டாம்" என்றாள் மாடத்தி.

"நீ சும்மா இருளா. உன்கிட்ட யாரு கேட்டா? சிலுவைமுத்து சொல்லுதேன்."

எடுத்தார்கள். பாழாய்ப்போன கட்டி கொண்டைக்கடலை அளவுதான். கால் பிழைத்தது. ஆனால் கொஞ்ச நாளைக்கு அவளால் பாயில் ஏற முடியாது. பச்சை மஞ்சளானது.

வெள்ளை வேன் வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வேட்டி, நாலு சட்டை, ரீத்தாளின் ஜெபமாலை, முட்டிக்குத் தேய்க்கிற தைலம் எல்லாம் ஒரு பையில் போட்டு வைத்தேன். போனால் பிச்சையாவைப் பார்க்கலாம், இரண்டு வார்த்தை மறுத்துப் பேசலாம் என்றுகூட நினைத்தேன். வந்தவர்கள் இரண்டு பேர். மரியாதையான ஆட்கள்.

"சிலுவைமுத்து?"

"நாந்தான். பை ரெடியா இருக்கு."

ஒருவர் கக்கத்திலிருந்து ஒரு சின்னப் பாயை எடுத்து வாசலில் விரித்தார். ஏறி நின்றேன். கையிலிருந்த கருவியைப் பார்த்தார். "இவர் இல்லைங்க" என்றார் மற்றவரிடம்.

"நாந்தான்யா சிலுவைமுத்து. எதிர் வீட்டுல கேளுங்க."

எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். "மன்னிச்சுக்கங்க பெரியவரே, வீடு மாறி வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த விலாசத்தைப் பார்த்து அவர்கள் மாடத்தி வீட்டுக்குப் போனார்கள். அவளைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கும் அது நல்லதாகப் போயிற்று. மகளைப் பல்லடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறாள், விடுதியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். மூன்று வேளைச் சாப்பாடு, கால் பிடித்துவிட ஆள். வேன் கிளம்புகிறதற்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

"அங்க சிலுவைமுத்துன்னு கூப்புட்டா நாந்தான் திரும்பணுமாம் அண்ணாச்சி."

"திரும்பு. மூணாம் மாடிப் பிச்சையா அங்கதான் இருக்காரு. பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு."

"நான் சிலுவைமுத்துன்னு சொன்னா அந்த மனுசன் மயங்கி விழுந்துருவாரு."

"விழட்டும்."

சிரித்தாள். "கொழம்பு யாரு வைப்பா உங்களுக்கு?"

"எனக்குக் கை இல்லியா?"

வேன் போய்விட்டது.

இப்போது மாடத்தி நன்றாகத் தேறிவிட்டாள். அது எனக்கு அமலன் சொல்லித்தான் தெரியும். அவனுடைய பலகையில் பொம்மை மறுபடி வருகிறதாம். "மாடத்தியக்கா நேத்து ஒத்தக்கால்ல நின்னுட்டாவப்பா. பிச்சையா மாமாவும் அவங்களும் ஜோடியாத் தோணி விடுதாவ." அவன் குரலில் பழைய சந்தோஷம் பாதி திரும்பியிருந்தது. எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

"நீங்களும் ஏறுங்கப்பா" என்றான். "விருந்தாளின்னு ஏறலாம். திட்டம் கெடையாது, மஞ்சள் கெடையாது, யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போவ மாட்டாவ. சும்மா பொம்மை மட்டும் வரும். நான் பாத்துக்கிடுவேன்."

"போன்ல பேசுனாப் போதாதாலே?"

"பேசலாம்ப்பா" என்றான். பிறகு, "பேச என்ன இருக்கு?" என்றான். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டான்.

இன்று காலை ஏறினேன். காலைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் ஏறினேன். ரப்பர் குளிர்ச்சியாக இருந்தது. டிவியில் ஆறு வந்தது. தோணியில் ஒரு சாம்பல் நிறப் பொம்மை நின்றது. இரண்டு முட்டியும் வளைந்து, ஒரு தோள் இறங்கி, மூட்டை தூக்கிய ஆள் மூட்டையை இறக்கியும் நிமிராமல் நிற்பதுபோல நின்றது. இதை அமலன் பார்த்தால் யாரென்று சொல்வான் என்று யோசித்தேன்.

"வணக்கம், விருந்தினரே. உங்கள் பெயர்?"

"சிலுவைமுத்து."

"அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார். இன்று காலை மிக நன்றாகச் செய்தார். நீங்கள் வேறு பெயர் சொல்லுங்கள்."

"சிலுவைமுத்து" என்றேன், இன்னும் சத்தமாக.

"வேறு பெயர் சொல்லுங்கள். அவசரமில்லை. காத்திருக்கிறேன்."

காத்திருக்கிறதாம். காத்திருப்பதென்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? சுவரைப் பிடித்துக்கொண்டு பாயைவிட்டு இறங்கினேன். சட்டையை மாட்டிக்கொண்டேன். அது இன்னொரு தடவை கேட்டது. கீழே என் பேரைச் சொல்லிக் கூப்பிட ஒருத்தராவது இருப்பார் என்று, நான் கதவைச் சாத்தாமலே படியிறங்கினேன்.